சூடும் ஒரு மருந்தே

(சங்கத்தின் மாதர் பகுதிக் கூட்டத்தில் கண் மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



 இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் அளவில் மிகச் சிறியது. உளுந்து அளவில் தோன்றும். மிஞ்சினால் பட்டாணி அளவுக்கு வளரும். குழந்தைகளின் கண்ணிமையில் வரும் கட்டியையும், அதற்காக நாம் வீட்டில் செய்யும் சூட்டு வைத்தியத்தையும் பற்றியே பேசப் போகிறேன்.

இத்தனை சிறிய கட்டிக்கு ஒரு சொற்பொழிவா என்று சிலர் எண்ணக்கூடும். கட்டி சிறியதுதான், அது இருக்கும் இடம் பெரியது. அதோடு, கட்டியினால் வரும் தீங்கைவிட அதற்குச் செய்யும் வைத்தியத்தினால் வரும் தீங்கு பெரிதாகிவிடுவதும் உண்டு. இமைக்கட்டி பெரும்பாலும் சில நாட்களிலோ சில மாதங்களிலோ தானே மறைந்துவிடும். கொதிநீர் பட்டு வெந்த இமையில் ஏற்படும் வடு மறையாது. ஆகவே, இந்த வைத்தியத்தின் அளவையும் முறையையும் எல்லையையும் ஒவ்வொரு தாயும் அறிந்திருத்தல் நலம்.

நம் காலனியில் ஒரு குழந்தைக்கு இமையில் கட்டி வந்தால் என்ன நடக்கிறது? தாய் ஊருக்குத் தொலைபேசியில் பேசுகிறாள். "உடம்புச் சூடு, வேறொன்றும் இல்லை. எண்ணெய் தேய்த்து முழுக்காட்டு, நாமக்கட்டியை உரைத்துப் போடு" என்கிறார் பாட்டி. அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மாள் எட்டிப் பார்த்து, "இது குஹேரி, கிராம்பைக் கல்லில் உரைத்துத் தடவு" என்கிறார். டாக்டரிடம் போனாலோ, அவர் "வெந்நீர் ஒற்றடம் கொடுங்கள்" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடுகிறார். தாயின் மனத்தில் நியாயமான ஒரு கேள்வி எழுகிறது: "சூட்டினால் வந்த கட்டி என்கிறார்கள், அதற்குச் சூட்டையே வைக்கச் சொல்கிறார்களே, இது பொருந்துமா?"

இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால், கட்டி என்பது என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கட்டியின் பிறப்பு

நம் இமைகளுக்குள்ளே மெல்லிய எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. மேல் இமையில் சுமார் 25 முதல் 40 வரை. கீழ் இமையில் சுமார் 20 முதல் 30 வரை. ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் மைபோம் என்பவர் இவற்றை 1666ல் விரிவாக விவரித்தமையால் இவை அவர் பெயராலேயே வழங்குகின்றன. நாம் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இச்சுரப்பிகளிலிருந்து ஒரு துளிக்கும் குறைவான எண்ணெய் கசிந்து, கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவுகிறது. அந்தப் படலம் இல்லாவிட்டால் கண்ணீர் விரைவில் ஆவியாகிக் கண் வறண்டுவிடும்.

இந்தச் சுரப்பி ஒன்றின் வாய் அடைபட்டால் எண்ணெய் உள்ளேயே தங்கித் தடித்துவிடுகிறது. பின்பு சுற்றியுள்ள சதைக்குள் கசிகிறது. உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதிச் சுற்றிலும் ஒரு சுவர் எழுப்புகிறது. இவ்வாறு உருவாவதுதான் வலியற்ற, உருண்டையான, கெட்டியான இமைக்கட்டி. மேலைநாட்டு வைத்திய நூல்கள் இதனைக் 'கலேஸியான்' என்கின்றன. ஆலங்கட்டி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது.

மற்றொரு வகை உண்டு. இமைமயிரின் அடியிலுள்ள சுரப்பியிலோ, முன்சொன்ன எண்ணெய்ச் சுரப்பியிலோ கிருமி புகுந்து சீழ்ப் பிடிப்பதனால் வருவது அது. இது சிவந்து, தொட்டால் வலிக்கும். இரண்டொரு நாளில் மஞ்சள் முனை காட்டும். கண்கட்டி என்று நாம் பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாக வாழும் ஒரு கிருமியே இதற்குப் பெரும்பாலும் காரணம். அழுக்குக் கையால் கண்ணைக் கசக்கும் குழந்தைகளுக்கு இது வருவதில் வியப்பில்லை.

இவ்விரண்டுக்கும் 'உடம்புச் சூடு' என்று நாம் சொல்வதற்கும் தொடர்பு இல்லை. மாம்பழம் தின்றதனால் சுரப்பியின் வாய் அடைபடுவதில்லை. எண்ணெய் முழுக்கு நல்ல வழக்கம். அதை விட வேண்டாம். ஆனால் இமைக்குள் அடைபட்ட எண்ணெயை அது கரைக்காது. ஆகவே தாயின் கேள்விக்கு முதல் விடை இதுதான்: கட்டி சூட்டினால் வந்ததன்று, அதனால் சூடு வைப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

பழையோர் கண்ட வழி

ஒற்றடம் புதிய வைத்தியம் அன்று. நம் நாட்டுச் சுசுருத சம்ஹிதை கண்ணைப் பற்றிய 76 நோய்களைக் கூறி, அவற்றில் 21 நோய்களை இமையைச் சேர்ந்தவையாக வகுக்கிறது. அவற்றுள் 'லகணம்' என்பது பழுக்காத, கடினமான, வலியற்ற, இலந்தைப்பழ அளவுள்ள கட்டி. மேலே சொன்ன முதல் வகையை இவ்வருணனை அப்படியே ஒத்திருக்கிறது. 'அஞ்சனநாமிகை' என்பது எரிச்சலும் குத்தலும் கொண்ட சிறு செங்கட்டி. அதற்கு வியர்வை வரும்படி சூடு கொடுத்தல் முதற் சிகிச்சையாகச் சொல்லப்படுகிறது. நம் வங்காளி நண்பர்கள் இன்றும் கண்கட்டியை 'ஆஞ்ஜனி' என்று அழைப்பதில் அப்பழம்பெயரின் ஒலி கேட்கிறது.

ரோமாபுரியில் கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கெல்ஸஸ் என்பவரும், வாற்கோதுமை மணி போன்ற இமைக்கட்டிக்குச் சூடான ரொட்டியையோ, வெதுவெதுப்பாக்கிய தேன்மெழுகையோ வைக்கச் சொல்கிறார். ஆனால் அந்த இடம் தாங்கக்கூடிய சூடாக இருக்க வேண்டும் என்ற எச்சரிக்கையையும் அவர் உடன் சேர்த்தே சொல்லியிருக்கிறார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக வைத்தியம் மாறவில்லை, எச்சரிக்கையும் மாறவில்லை. நாம்தான் வைத்தியத்தை நினைவில் வைத்துக்கொண்டு எச்சரிக்கையை மறந்துவிடுகிறோம்.

சூடு என்ன செய்கிறது?

டில்லியில் ஒரு குளிர்காலத்தைக் கழித்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இதை விளக்குவது எளிது. தை மாதக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் வராது. வெள்ளை மெழுகாய் உறைந்திருக்கும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் இயல்புடையது. அப்பொழுது நாம் என்ன செய்கிறோம்? புட்டியை அடுப்பில் வைப்பதில்லை. வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் நிறுத்தி வைக்கிறோம். எண்ணெய் மெல்ல இளகி வெளிவருகிறது.

இமையின் எண்ணெயும் இத்தகையதே. நலமான சுரப்பியில் அது உடலின் இயல்பான சூட்டிலேயே இளகியிருக்கிறது. அடைபட்ட சுரப்பியிலோ அது தடித்துவிடுவதால், இளகுவதற்கு அதிகச் சூடு வேண்டியிருக்கிறது. இமையின் உட்புறம் சுமார் 40 டிகிரி செல்ஸியஸ் வரை சூடேறினால் அது இளகத் தொடங்கும் என்பது ஆராய்ச்சியாளர் கண்ட கணக்கு. சீழ்க்கட்டியிலோ, சூட்டினால் இரத்த ஓட்டம் பெருகுகிறது, கட்டி விரைவில் முனைகட்டித் தானே உடைந்து வடிகிறது, வலியும் தணிகிறது.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, சூடு மிதமாக இருக்க வேண்டும். இரண்டாவது, அது நீடிக்க வேண்டும். இமையில் இரத்த ஓட்டம் மிகுதி. வைத்த சூட்டை இரத்தம் உடனுக்குடன் எடுத்துச் சென்றுவிடும். ஆகவே ஒரு நிமிஷம் வைத்த கடுஞ்சூட்டைவிடப் பத்து நிமிஷம் வைத்த இளஞ்சூடே பயன் தரும். கடுஞ்சூடு தோலைச் சுடும், சுரப்பியைச் சென்றடையாது.

வீட்டு முறைகள்

இந்த இரண்டு விதிகளைக் கொண்டு நம் வீட்டு முறைகளை ஆராய்வோம்.

உள்ளங்கையில் விரலைத் தேய்த்து இமையில் வைக்கும் வழக்கம் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. அந்தச் சூடு சில விநாடிகளில் ஆறிவிடும். விரலின் அழுக்கு மட்டும் தங்கும். முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதிக் கண்ணில் ஒற்றுவது அன்பான செயல். அதில் சூட்டுத் தீங்கு இல்லை. ஆயினும் மூச்சின் சூடு இதற்குப் போதாது; வாயின் கிருமியும் துணியோடு செல்லும். நாமக்கட்டி ஒரு மண். பூசினால் குளிர்ச்சியாகத் தோன்றும். சுரப்பியின் உள்ளே அது செல்வதில்லை. உலர்ந்து உதிர்ந்த துகள் கண்ணுக்குள் விழுந்தால், கருவிழியின் மேலுள்ள கண்ணாடி போன்ற படலத்தைக் கீறிவிடக்கூடும். கிராம்புச் சாறு கண்ணில் பட்டால் கடும் எரிச்சல் தரும். தாய்ப்பால் குழந்தைக்கு அமுதம். ஆனால் அதை வாய்வழியே கொடுப்பதுதான் முறை. கட்டி இருக்கும் நாட்களில் மை இடுவதையும் நிறுத்திவிடுங்கள். இங்கு விற்கப்படும் சுர்மாவில் ஈயம் கலந்திருப்பது உண்டு. அதைக் குழந்தையின் கண்ணுக்கு எந்நாளும் இடலாகாது.

பாட்டிமார் மீது குறை கூறுவது என் நோக்கமன்று. சூடு உதவும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். அந்த அறிவுக்கு அளவையும் தூய்மையையும் சேர்ப்பதே நம் கடமை.

சூடு தீங்காகும் இடம்

சூடு மருந்து என்றால் அதற்கும் அளவு உண்டு. அளவு மீறினால் அதற்கும் விஷத்தன்மை உண்டு. 1947ல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் தோல் எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரத்தில் புண்ணாகிறது என்று கணக்கிட்டார்கள். 44 டிகிரிச் சூட்டில் தோல் கேடுறுவதற்கு ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகிறது. 60 டிகிரியிலோ சில விநாடிகளே போதும். நாம் டம்ளரில் ஆற்றிக் குடிக்கும் காப்பி ஏறத்தாழ அந்தச் சூட்டில்தான் இருக்கிறது! இக்கணக்கு வளர்ந்தவர்களின் தோலை வைத்துச் சொல்லப்படுவது. குழந்தையின் தோல் இன்னும் மெல்லியது. உடலிலேயே மிக மெல்லிய தோல் இமையின் தோல். குழந்தையின் இமை எத்தனை மென்மையானது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆகவே சிலவற்றைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். வேகவைத்த முட்டையையும் உருளைக்கிழங்கையும் துணியில் சுற்றிக் கண்ணில் வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. மேலே ஆறியதுபோல் தோன்றினாலும் உள்ளே கொதிக்கும் சூடு இருக்கும். அது மெல்ல மெல்ல வெளியே வந்து சுடும். மைக்ரோவேவ் அடுப்பில் சூடேற்றிய ஈரத்துணி ஓரிடத்தில் வெதுவெதுப்பாகவும் மற்றோரிடத்தில் நீராவியாகவும் இருக்கும். கையில் பட்ட இடத்தை நம்பிக் கண்ணில் வைத்தால் வேறோர் இடம் சுட்டுவிடும். தோசைக்கல்லிலோ இஸ்திரிப் பெட்டியிலோ காய்ச்சிய துணியின் சூட்டுக்கு அளவே இல்லை. கொதிக்கும் பாத்திரத்தின்மேல் குழந்தையைக் குனியவைத்து ஆவி பிடிக்கச் செய்வது எல்லாவற்றிலும் ஆபத்தானது. பாத்திரம் கவிழ்ந்து மார்பும் மடியும் வெந்த குழந்தைகளை ஆஸ்பத்திரிகள் எத்தனையோ கண்டிருக்கின்றன.

'சூடு போடுதல்' என்னும் கொடிய வழக்கம் ஒன்றும் நம் நாட்டில் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. 2023ல் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோல் மாவட்டத்தில், நோயுற்ற கைக்குழந்தைகள் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுடப்பட்டு உயிரிழந்த செய்தியை நாம் படித்தோம். ஒற்றடத்துக்கும் இதற்கும் எவ்வித உறவும் இல்லை. யார் எந்த நோய்க்குச் சொன்னாலும், குழந்தையின் உடலில் காய்ச்சிய பொருள் படக்கூடாது.

ஒற்றடம் கொடுக்கும் முறை

இனி, செய்யும் முறையைச் சொல்கிறேன். இதற்குச் செலவு ஏதும் இல்லை. பொறுமை ஒன்றுதான் வேண்டும்.

முதலில் தாய் தன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். காய்ச்சி ஆறவைத்த நீரை ஒரு கிண்ணத்தில் எடுத்து, குழந்தையைக் குளிப்பாட்டும் நீரைவிடச் சற்றே அதிகமான சூட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். வெப்பமானி இருந்தால் 40 முதல் 42 டிகிரி வரை இருக்கட்டும். 45 டிகிரியை எக்காரணத்தாலும் தாண்டலாகாது. வெப்பமானி இல்லாவிட்டால் மணிக்கட்டின் உட்புறத்தில் துணியை வைத்துப் பாருங்கள். பின்பு உங்கள் இமைமேலேயே ஒரு நிமிஷம் வைத்துப் பாருங்கள். உங்கள் இமைக்குச் சுகமாக இருந்தால்தான் குழந்தைக்கு வைக்கலாம். சமையலறையில் பழகிய உள்ளங்கை சூட்டுக்கு மரத்துப்போயிருக்கும். அதன் சொல்லை நம்பக்கூடாது.

சுத்தமான மெல்லிய பருத்தித் துணியை நான்காக மடித்து, நனைத்து, நன்றாகப் பிழிந்து, மூடிய கண்ணின்மேல் வைக்க வேண்டும். துணி சுமார் இரண்டு நிமிஷத்தில் ஆறிவிடும்; டில்லிக் குளிரில் அதற்கும் முன்பே ஆறும். ஆறியவுடன் மீண்டும் நனைத்துப் பிழிந்து வைக்க வேண்டும். துணியை அசையாமல் ஒரு தடவை வைத்துவிட்டு, பத்து நிமிஷம் ஒற்றடம் கொடுத்தோம் என்று எண்ணுவதுதான் பலரும் பயன் காணாமைக்குக் காரணம். இவ்வாறு 5 முதல் 10 நிமிஷம் வரை, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை செய்ய வேண்டும்.

வெந்நீர்க் கிண்ணம் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். உறங்கும் குழந்தைக்கு ஒற்றடம் கொடுப்பது எளிது என்று தோன்றும். ஆனால் விழித்திருக்கும்போது கொடுப்பதே நல்லது. "சுடுகிறது" என்று குழந்தை சொல்லும் சொல்லைவிடச் சிறந்த வெப்பமானி இல்லை. பேசத் தெரியாத கைக்குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். ஓடியாடும் பிள்ளையைப் பத்து நிமிஷம் அமர்த்துவது எப்படி என்று கேட்பீர்கள். ஒரு கதை சொல்லுங்கள். நாளுக்கு நான்கு கதை, அதுவும் தமிழில் கேட்டு வளரும் குழந்தைக்குக் கண்ணோடு காதும் நலம் பெறும்.

வலியற்ற கட்டியாக இருந்தால், ஒற்றடம் முடிந்தவுடன் சுத்தமான விரலால் மெல்ல நீவிவிடலாம். மேல் இமையானால் மேலிருந்து கீழாக, கீழ் இமையானால் கீழிருந்து மேலாக. இரண்டிலும் இமைமயிரை நோக்கி நீவ வேண்டும். கண்ணை அழுத்தக்கூடாது. சிவந்து வலிக்கும் கட்டியை நீவவும் வேண்டாம். மஞ்சள் முனை தெரிகிறதே என்று பிதுக்கவும் வேண்டாம். பிதுக்கினால் சீழ் உள்ளே பரவும். ஒரு பிள்ளைக்கு வைத்த துணியைத் துவைத்துக் காயவைக்காமல் மற்றொரு பிள்ளைக்கு வைக்கக்கூடாது.

எதிர்பார்க்கத்தக்க பயன்

சீழ்க்கட்டி பெரும்பாலும் ஓரிரண்டு வாரத்தில் வடிந்து ஆறிவிடும். வலியற்ற கட்டி அப்படியன்று. அதற்குப் பல வாரங்கள், சில சமயம் மாதங்களும் ஆகும். மூன்று நாள் ஒற்றடம் கொடுத்துவிட்டுப் பலன் இல்லை என்று கைவிடுவது முறையன்று.

அதே சமயம் ஒற்றடத்தின் வல்லமையை மிகைப்படுத்திச் சொல்லவும் நான் விரும்பவில்லை. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு, இமையின் உட்புறச் சீழ்க்கட்டிக்கு அறுவையல்லாத சிகிச்சைகளை 2017ல் மீண்டும் ஆராய்ந்தபோது, தன் விதிகளுக்கு ஏற்ற சோதனை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று தெரிவித்தது. வலியற்ற கட்டியைப் பற்றி 2018ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், 4 முதல் 6 வார ஒற்றடத்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே கட்டி முற்றிலும் மறைந்தது. ஒற்றடத்தோடு சொட்டு மருந்தும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு அதைவிட அதிகப் பயன் கிட்டவில்லை. இவற்றிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. கட்டி புதிதாக இருக்கும்போதே ஒற்றடத்தைத் தொடங்க வேண்டும். கடையில் தானாக வாங்கிய சொட்டு மருந்தை நம்பி இருக்கக்கூடாது; அதிலும் ஸ்டிராய்டு கலந்த மருந்து, டாக்டரின் மேற்பார்வை இன்றி நாட்கணக்கில் இட்டால், கண்ணின் அழுத்தத்தை உயர்த்திப் பார்வைக்கே கேடு செய்யக்கூடும்.

அப்படியாயின் ஒற்றடத்தை ஏன் வற்புறுத்துகிறேன்? முறையாகச் செய்தால் அதனால் தீங்கில்லை, செலவில்லை, பயன் பெறும் குழந்தைக்கு அறுவையும் இல்லை. வளர்ந்தவருக்கு இமையின் உட்புறம் சிறிது கீறிக் கட்டியைச் சுரண்டி எடுப்பது, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து சில நிமிஷங்களில் முடிந்துவிடும். குழந்தை அசையாமல் படுத்திராது. ஆகவே பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த மயக்கத்தைத் தவிர்க்கக் கிடைக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றாயினும், அதைப் பெறுவதற்காகத் தாய் செலவிடும் பத்து நிமிஷம் வீணாகாது. ஊசிமூலம் கட்டிக்குள் மருந்து செலுத்தும் முறையும் உண்டு; நம்மைப் போன்ற கருநிறத் தோலில் அது வெளுத்த தடம் விடக்கூடும் என்பதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

தாய்மார்களே, என் பேச்சில் மற்றவற்றை மறந்தாலும் இதை மறவாதீர்கள். கட்டியைத் தாண்டி இமை முழுவதும் சிவந்து வீங்கினால், காய்ச்சல் வந்தால், கண் முன்னே பிதுங்கினால், கண்ணை அசைக்கும்போது வலித்தால், பார்வை மங்கினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், ஒற்றடத்தை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். அன்றிரவே செல்லுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கிருமி கண்குழிக்குள் இறங்கியதன் அடையாளங்கள் இவை. பார்வையையும், சில சமயம் உயிரையும் அது பறிக்கக்கூடும். அங்கே சூடு மருந்தாகாது.

இரண்டாவது, ஏழெட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மேல் இமையில் பெரிய கட்டி பல வாரம் தங்கினால், அது கருவிழியை அழுத்தி அதன் வளைவை மாற்றக்கூடும். அல்லது இமையைத் தாழ்த்திப் பார்வையை மறைக்கக்கூடும். பார்வை வளரும் அவ்வயதில் மங்கலாகத் தெரியும் கண்ணை மூளை புறக்கணித்துவிடும். பிறகு கட்டி போனாலும், அந்தக் கண்ணின் பார்வையை மீட்பது கடினம். ஆகவே ஒரு மாதம் முறையாக ஒற்றடம் கொடுத்தும் குறையாத கட்டியையும், திரும்பத் திரும்ப வரும் கட்டியையும் கண் டாக்டரிடம் காட்டுங்கள். அடிக்கடி வருவதற்கு இமையோர அழற்சி காரணமாக இருக்கலாம். ஓயாமல் கண்ணைக் கசக்கும் பிள்ளைக்கு மூக்குக் கண்ணாடி தேவைப்படலாம். இந்நகரில் 1967ல் தோன்றிய ராஜேந்திர பிரசாத் கண் மையம் இருக்கிறது. கோடை விடுமுறையில் சென்னைக்குச் செல்வோருக்கு 1819ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. நல்ல யோசனைக்கு நமக்குப் பஞ்சமில்லை.

மூன்றாவது, இங்கே அமர்ந்திருக்கும் தாத்தா பாட்டிமாருக்கு ஒரு சொல். பேரனுக்கு வந்தது போன்ற கட்டி உங்கள் இமையில் வந்து, ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் தோன்றினால், அல்லது அந்த இடத்தில் இமைமயிர் உதிர்ந்தால், ஒற்றடத்தோடு நின்றுவிடாதீர்கள். முதியவர்களிடம் எண்ணெய்ச் சுரப்பியில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய் இதே வேடத்தில் வருவதுண்டு. நம் நாட்டில் அது அத்தனை அபூர்வமும் அன்று. குழந்தையின் கட்டிக்குப் பொறுமை மருந்து; முதியவரின் கட்டிக்குப் பரிசோதனையே மருந்து.

உறவினர்களை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கு, குழந்தைக்கு ஒரு சிறு நோய் வந்தாலும் அண்டை வீட்டாரே உற்றார், இச்சங்கமே ஊர். ஒரு வீட்டில் கட்டி என்றால் பத்து வீட்டிலிருந்து யோசனை வரும். அந்த அன்பு குறைய வேண்டாம். இனி யோசனை சொல்லப் போகும்போது, "வெந்நீர் வை" என்று மட்டும் சொல்லாமல், "உன் இமையில் வைத்துப் பார்த்துவிட்டு வை" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.